மிகையும் பொய்யும்

ஒன்றை உள்ள அளவிற் கூறாது உயர்த்திக் கூறுதலை உயர்வு நவிற்சி என்பர். தண்டியலங்காரம் இதனை அதிசயம் எனப் பெயரிட்டு அணிகளுள் ஒன்றாக வைத்தது. அறபு அணிநூலார் முபாலகா என்றனர். 'எய்துதல்' என்னும் பொருளுடைய வேரிற் பிறந்த சொல் அது. நம் இல்லங்களில் வழங்கும் தப்லீகு, பாலிகு என்பனவும் அவ்வேரின் கிளைகளே. புலவர் அணியெனப் போற்றிய மிகை, பொய்யாவது எவ்விடத்தில்?

அறபு நூலார் இதனை மூன்றாக வகுத்தனர். அறிவும் வழக்கமும் ஒப்புவது தப்லீகு. அறிவு ஒப்பினும் வழக்கம் ஒப்பாதது இக்ராகு. இரண்டும் ஒப்பாதது குலுவ்வு. நம் கரிசல் மழையையே சான்றாகக் கொள்வோம். 'விடிய விடியப் பெய்தது' என்பது முதல் வகை. 'ஒரே மழையில் கோவில்பட்டி வட்டாரத்துக் கண்மாய்களெல்லாம் மறுகால் பாய்ந்தன' என்பது இரண்டாவது. 'மேகம் கறுக்குமுன்னே கிணறு நிறைந்தது' என்பது மூன்றாவது.

கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப்புலவர், 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடினார். அதன் நாட்டுப்படலத்தில் அறபுநாட்டு மலைகளில் மழை பொழிகின்றது, வெள்ளம் பெருகுகின்றது, வயலில் நெல் விளைகின்றது. பாடியவரோ வானம் பார்த்த பூமியில் இருந்தவர். எனினும் அவரைப் பொய்யர் என்பார் யார்? காப்பிய மரபு அறிந்தோர், அது நாயகம் (ஸல்) பிறந்த மண்ணுக்குச் சூட்டிய அணியென்று உணர்வர். அப்பாடலை நம்பி எவரும் மக்காவுக்கு நெல்விதை கொண்டுசென்றாரில்லை.

ஆகவே பொய்யின் எல்லை சொல்லின் உயரத்தில் இல்லை. கேட்பவர் அதனை அளவாகக் கொண்டு செயற்படுகிறாரா என்பதிலேயே உள்ளது. பெண் கேட்டுச் செல்லுமிடத்து மாப்பிள்ளையின் வருவாயை இரட்டித்துக் கூறுவோர், 'பேச்சுக்குச் சொன்னோம்' என்று பின்னர் நகைப்பதுண்டு. அப்பேச்சை நம்பியே ஒரு தந்தை தம் மகளைக் கொடுக்கிறார். வழக்கத்துக்கு ஒத்ததாதலின் அணிநூலில் இது மிகச் சிறிய மிகை. வாழ்க்கையிலோ பெரும் பொய். தீப்பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணிக்கைக்கு உள்ளே குச்சி குறைந்தாலும் இதே நிலைதான்.

புகழிலும் இவ்வெல்லை உண்டு. வேதத்தையுடையோர் தம் மார்க்கத்தில் வரம்பு கடத்தலைத் திருக்குர்ஆன் 4:171 தடுக்குமிடத்து ஆளும் சொல் குலுவ்வு என்னும் வேரினதே. நாயகம் (ஸல்) அவர்களும் தம்மை அளவிறந்து புகழ வேண்டாவென விலக்கி, இறைவனின் அடியார், அவன் தூதர் என்றே கூறுமாறு பணித்தனர். புகழ்மொழி நம்பிக்கையாக மாறிவிடும் இடம் அதுவன்றோ!

கவிதையில் மிகையைச் சுவைப்போம். சாட்சியிலும் கணக்கிலும் சம்பந்தப் பேச்சிலும் அளவாகவே பேசுவோமாக.