எண்ணிக்கை அறமாகுமா?

2024 மே மாதம், பிரான்சின் ஆட்சியில் உள்ள நியூ கலிடோனியாவின் தலைநகர் நூமெயா பற்றி எரிந்தது. பத்தாண்டுகள் தொடர்ந்து குடியிருந்தவர்களையும் மாகாணத் தேர்தல் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பாரிஸ் நாடாளுமன்றம் முனைந்ததே காரணம். வாக்குரிமை பெறவிருந்தோர் சுமார் 25,000 பேர். கலவரத்திலும் அதன் தொடர்ச்சியிலும் மாண்டோர் 14 பேர். அக்டோபரில் அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது. கேள்வி மட்டும் நிற்கிறது: மண்ணைப் பறிகொடுத்த ஒரு மக்களின் வருங்காலத்தை, பின்னால் வந்து குடியேறியவர்களின் தலைக்கணக்கு முடிவு செய்யலாமா? கூடாது. ஆட்களைக் குடியேற்றிய அரசே தலையெண்ணவும் வந்தால் அந்தக் கணக்கு அறத்தின் முன் செல்லாது.

1853இல் பிரான்ஸ் அத்தீவைத் தனதாக்கிக்கொண்டது. 1864 முதல் கைதிகளைக் கப்பல் கப்பலாக இறக்கியது. குடியேறியவர்களின் மாடுகள், அம்மண்ணின் பூர்வகுடிகளான கனாக் மக்களின் சேம்பு, வள்ளித் தோட்டங்களை மிதித்து மேய்ந்தன. வேலி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தன் சேம்பு எழுந்து போய் அவர்கள் மாட்டைத் தின்னும் நாளில் வேலி போடுகிறேன் என்று தலைவர் அத்தாய் பதில் சொன்னதாக வழங்குகிறது. 1878இல் அவர் கிளர்ந்தெழுந்து கொல்லப்பட்டார். பாரிஸுக்கு அனுப்பப்பட்ட அவர் தலை, 2014இல்தான் ஊர் திரும்பியது. 1887 முதல் 1946 வரை கனாக் மக்களுக்கென்று தனிச் சட்டம். ஒதுக்கப்பட்ட நிலத்தைவிட்டு அனுமதியின்றி நகர முடியாது. 1972இல் பிரதமர் பியர் மெஸ்மர், பிரெஞ்சுக்காரர்களைப் பெருமளவில் குடியேற்றினால் தேசியக் கோரிக்கை அடங்கிவிடும் என்று கடிதமே எழுதினார். ஆக, இன்றைய பெரும்பான்மை தானாக விளைந்ததல்ல, திட்டமிட்டு விதைத்தது.

நம் மரபில், கோலோடு நின்று குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். துன்புற்றோர் கண்ணீர் ஆட்சியின் செல்வத்தை அறுக்கும் என்றும் எச்சரிக்கிறார். தவறு தெரிந்த கணமே அரியணையிலேயே உயிர்விட்டான் சிலப்பதிகாரத்துப் பாண்டியன். கன்றை இழந்த பசுவுக்காக மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன். பிழை செய்த அரசு தன் பங்கைத் தானே ஈடுகட்ட வேண்டும் என்பதே இவர்கள் எல்லோரும் சொல்வது. 1998 நூமெயா உடன்பாட்டில் வாக்காளர் பட்டியலுக்கு இட்ட வரம்பு, அத்தகைய ஈட்டின் ஒரு பகுதி. கொடுத்த வாக்கை மீறிய பின் மக்களாட்சி பேசுவதில் பொருளில்லை. கனாக் மக்கள் கோவிட் துக்கத்தில் இருந்தபோது, ஒத்திவைக்கச் சொன்ன கோரிக்கையையும் தள்ளிவிட்டு, 2021 டிசம்பரில் விடுதலை குறித்த மூன்றாம் வாக்கெடுப்பை நடத்தினார்கள். அவர்கள் புறக்கணித்த அந்த வாக்கெடுப்பில் விடுதலைக்கு எதிராக 96.5 விழுக்காடு விழுந்தது. வாக்களித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை.

அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வாக்கில்லை என்பது வருத்தத்துக்குரியதுதான். கடைகளைக் கொளுத்தியதும் நியாயமாகாது. ஆனால் அந்தப் பிள்ளையின் குறைக்குப் பொறுப்பு அதைக் கேடயமாக்கிய அரசுடையது, கனாக்குகளுடையதல்ல.

தீவின் வருங்காலம் பற்றி 2025 ஜூலையில் பிரான்சின் பூஜிவாலில் எழுதிய உடன்பாட்டையும் கனாக் விடுதலை முன்னணி அடுத்த மாதமே நிராகரித்தது. வல்லவர் கூடி வகுப்பதெல்லாம் நீதியாகிவிடாது என்பதை ஆள்வோர் உணர வேண்டும். பறித்தவர் முதலில் செய்ய வேண்டியது, பறிகொடுத்தவரின் சம்மதத்தைப் பெறுவது. பட்டியல், தேர்தல், அரசமைப்பு எல்லாம் அதற்குப் பிறகே.