விற்றவன் கை

பழைய கிரயப் பத்திரங்களில் ஒரு வாசகம் வரும்: 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது.' எழுதிக் கொடுப்பவரும் சரி, வாங்குபவரும் சரி, அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் உடைமை என்றால் என்ன என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை. ஒரு பொருள் என்னுடையது என்றால் நான் அதைத் தானம் கொடுக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். விற்றவன் கையை எடுத்துவிட்டான் என்பதே இதன் சாரம்.

அமெரிக்காவில் ஒரு பதிப்பாளர், தம் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தார். ஒரு கடைக்காரர் 89 சென்ட்டுக்கு விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. விற்றுவிட்ட பிரதியை மறுபடி என்ன விலைக்கு விற்பது என்று சொல்லப் பதிப்பாளருக்குப் பாத்தியதை இல்லை என்று 1908இல் தீர்ப்பாயிற்று.

நூறு வருஷம் கழித்து, 2009 ஜூலையில், அதே நாட்டில் வேறொன்று நடந்தது. அமேசான் கம்பெனியின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களைப் பலர் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பதிப்பைப் போட்டவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், கம்பெனி வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அவற்றை அழித்துவிட்டது. அழிந்தவற்றுள் ஒன்று, ஓர் அரசாங்கம் பழைய காகிதங்களையெல்லாம் அழிப்பதைச் சொல்லும் '1984'! பணம் திருப்பித் தரப்பட்டது. கம்பெனித் தலைவர் ஜெஃப் பெஸோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

"பணம்தான் வந்துவிட்டதே, என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். கடைக்காரர் ஒருவர் இரவில் உங்கள் வீட்டுக்குள் வந்து, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேஜைமேல் அதன் விலையை வைத்துவிட்டுப் போனால் உங்களுக்குத் தூக்கம் வருமா? போன புத்தகம் பெரிதல்ல. வீட்டுச் சாவி அவரிடமும் இருக்கிறதே!

கம்பெனிகள் சொல்லும் சமாதானம், 'நாங்கள் விற்றது புத்தகத்தையல்ல, படிக்கும் அனுமதியை' என்பது. இருக்கட்டும். வாடகை வீட்டில் குடியிருப்பது கேவலமில்லை; வாடகைக்கு விடுவதும் பாவமில்லை. வாடகைக்கு விட்டுக் கிரயம் என்று சொல்வதுதான் பொய். கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொடுப்பது வெறும் அனுமதியாக இருந்தால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லை வியாபாரி உபயோகிக்கக் கூடாது. சொல்லுக்கு அதன் அர்த்தத்தைத் திருப்பித் தர ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது!

கையில் தொட்டுப் பார்க்கும் பொருள்களுக்கும் இதே கதிதான். அறுவடை நேரத்தில் டிராக்டர் நின்றுபோனால், விவசாயியே பழுதைக் கண்டுபிடித்தாலும் அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பூட்டைத் திறக்கக் கம்பெனி ஆள் வர வேண்டும். இதைப் பொறுக்காமல்தான் கொலராடோ மாகாணம் 2023இல் ஒரு சட்டம் செய்தது. உதிரிபாகங்களையும் கையேடுகளையும் கருவிகளையும் விவசாயிக்குக் கொடுத்தாக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

தெரியாதவன் கை வைத்தால் கெட்டுப்போகுமே என்பார்கள். போகலாம். பிறருக்கு ஆபத்தென்றால் தடுக்கச் சட்டம் இருக்கிறது. மற்றபடி, என் பொருளை நானே கெடுத்துக்கொள்ளும் சுதந்திரமும் உடைமையில் சேர்ந்ததுதான். பழுது பார்க்கக் கற்றவர்களில் முதலில் எதையாவது கெடுக்காதவர் யார்?

இவ்வளவும் பொருளாசையில் எழுந்த புலம்பலாகத் தோன்றலாம். நான் நினைப்பது நேர் எதிரானது. சொந்தம் என்பதன் பெருமையே அதைக் கொடுக்க முடிவதில்தான் இருக்கிறது. ஆயிரம் புத்தகம் 'வாங்கி'யும் ஒன்றைக்கூட மகனுக்கு விட்டுப் போக முடியாதவனை என்னவென்று சொல்வது? துறவிக்குங்கூட, துறப்பதற்கு முதலில் தன்னுடையது என்று ஏதாவது வேண்டும்.