குறைப்பது யார் பங்கை?

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் வட்டாரத்தில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு விலைவாசி என்பது செய்தித்தாளில் படிக்கும் விஷயமல்ல. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், அட்டை இல்லாமல் வாங்குவோருக்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயானது. 2023-இன் மத்தியில் சென்னையில் சமையல் கேஸ் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசுக்கு விற்றது. அந்த ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதால், அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. பிறகு தக்காளி இறங்கியது, சிலிண்டரும் இறங்கியது. ஆனால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஏறினால் ஏறியதுதான். லாரித் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் காசு கொடுத்து வாங்கும் தெருக்களில் கோடை என்பதே தனிச் செலவு. ஆகவே, செலவைக் குறைக்கத்தான் வேண்டும். எதைக் குறைப்பது என்பதற்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. யாருடைய பங்கைக் குறைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. சிக்கனம் அறமாவதும் அநீதியாவதும் அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது என்பதே என் வாதம்.

சமயங்கள் பலவும் குறைவாக வாழ்வதைப் போற்றியிருக்கின்றன. சமணம் உடைமை சேர்க்காமையை நோன்பாக்கியது. பௌத்தம் வேட்கையைத் துன்பத்தின் வேராகக் கண்டது. இதை வைத்து, விலைவாசி உயர்வும் ஒருவகையில் நல்லதே, அது எளிமையைக் கற்றுத்தருகிறது என்று சொல்வோர் உண்டு. இதை ஏற்க முடியாது. காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க வசதியில்லை என்று சொன்ன ஏழைகளை அந்தப் பயணத்தில் கண்டதும் அதற்கு ஒரு காரணம். அந்தத் துறவுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அவர் விட்டது தன் உடையை. விட்டது தன் விருப்பத்தால். விட்டது தன்னைவிட இல்லாதவர்களை மனத்தில் வைத்து. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது துறவாகாது. வேறு வழியின்றிப் பாலை நிறுத்தும் தாயிடம் எளிமையின் பெருமையைப் பேசுவது அவள் துன்பத்தை மதிக்காத பேச்சு. அதேபோல், இன்னொருவரின் பங்கைக் குறைத்துவிட்டு அந்தப் புண்ணியத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

இல்லறத்தில் இருப்பவருக்கு வள்ளுவர் காட்டும் வழி இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐவரை எண்ணுகிறார். தன்னையும் அந்த வரிசையில் வைத்தார் என்பது முக்கியம். தன்னை வதைத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தான் ஐவரில் ஒருவன் மட்டுமே. வலியறிதல் அதிகாரத்தில், வருவாய் சிறிதானாலும் செலவு அதை மீறாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தையும், அளவறிந்து கொடு என்ற அறிவுரையையும் அவரே வைக்கிறார். கணக்குப் பார்ப்பது அறத்துக்கு எதிரானதல்ல. கணக்கிலிருந்து மற்ற நால்வரையும் அடித்துவிடுவதுதான் எதிரானது.

நடைமுறையில் அடிபடுவது யார்? முதலில் வீட்டுக்குள் பார்ப்போம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் பெண்களுக்கு உரியதாகவே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஆண்களிடம் அது மிகக் குறைவு. உடலியல் காரணங்களும் இதில் உண்டு என்றாலும், அந்த நிலையில் இருக்கும் உடலிலிருந்தே கீரையையும் முட்டையையும் முதலில் குறைப்பதை அந்தக் காரணங்கள் நியாயப்படுத்தா. அடுத்து வீட்டுக்கு வெளியே. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகள், நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு அரசு தந்த இடம். அங்கிருந்து பெண்கள் பலர் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களும் அதே விலையில்தான் பால் வாங்குகிறார்கள். வேலைக்கு வருபவரை நிறுத்தியோ, ஆண்டுக்கணக்கில் சம்பளத்தை உயர்த்தாமலோ ஒரு வீடு மாதம் 2,000 ரூபாய் மிச்சப்படுத்தினால், அந்தச் சுமை மறைந்துவிடவில்லை. தாங்கும் சக்தி குறைந்த இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-இலேயே நலவாரியம் வந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் மாதச் சம்பளத்தைத் தீர்மானிப்பது வேலை கொடுக்கும் வீடுதான்.

உணவில் கைவைப்பது பொருளாதாரக் கணக்காகவும் தவறு. இதற்குச் சாட்சி சொல்லும் தகுதி தாம்பரத்துக்கு உண்டு; 1928-இல் இங்கே தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. மருந்துகள் வராத அந்தக் காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் சிகிச்சை. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று, ஜார்க்கண்டில் நடந்து, 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருட்கள் வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்ததாகக் கண்டது. தட்டில் மிச்சம் பிடித்த காசு ஒருநாள் மருத்துவச் செலவாகத் திரும்பி வரும்.

எனக்கே பற்றாதபோது பிறருக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், சமயங்களும் அதை நியாயமாகவே எடுத்துக்கொள்கின்றன. இஸ்லாத்தில் ஜக்காத் கடமையாவது, ஓராண்டுக் காலம் கையில் நிற்கும் செல்வம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போதுதான், அப்போதும் 2.5% மட்டுமே. தன் குடும்பத்தின் தேவைக்கே திண்டாடுபவர்மீது அந்தக் கடமை இல்லை. அவர் வாங்கும் உரிமையுள்ளவராகவும் ஆகலாம். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையும் பசித்தவரிடம் எதையும் கேட்கவில்லை. ஆகவே இல்லாதவரிடம் கொடையைக் கேட்பது அறமல்ல. ஆனால் பற்றவில்லை என்ற சொல்லை, இரண்டாவது கார் வாங்கலாமா என்று யோசிக்கும் வீடும் சொல்கிறது, ஒரு வேளைப் பாலை நிறுத்திய வீடும் சொல்கிறது. ஜக்காத் போல ஒரு கோட்டை ஒவ்வொரு குடும்பமும் நேர்மையோடு தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவருக்கு விலைவாசி, கொடையை நிறுத்துவதற்கான சாக்காக முடியாது. இன்னும் சொன்னால், தன்னைவிட ஏழைக்கு அதே விலை அதிகம் வலிக்கும் என்பதால், கடமை கூடவே செய்கிறது.

அப்படியானால் எங்கே குறைப்பது? ஊர் என்ன சொல்லும் என்று பயந்து செய்யும் செலவில். காதுகுத்தும் புதுமனை புகுவிழாவும் மண்டபத்துக்குப் போய்விட்டன. சீர்வரிசைக்கும் கல்யாணத்துக்கும் கடன் வாங்குகிறோம். இந்த ஆடம்பரத்தைத் தெய்வம் கேட்டதாக எந்தச் சமயமும் சொல்லவில்லை. ஏழை விதவை போட்ட இரண்டு சிறு காசுகளே பெரிய காணிக்கை என்று இயேசு சொன்னதாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. கடவுளை மறுத்த பெரியாரும் இதே ஆடம்பரத்தைத்தான் எதிர்த்தார். அவர் பரப்பிய சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் ஏற்பு கிடைத்தது. மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். பக்தரும் பகுத்தறிவாளரும் ஒன்றுபடும் இடம் இது. இங்கே குறைப்பதால் யார் வயிறும் காயாது; குறைவது நம் பெருமை மட்டுமே.

விலையை ஏற்றுவது சந்தையும் அரசின் கொள்கையும்தானே; குடும்பத்திடம் அறம் பேசுவது பொறுப்பை இடம் மாற்றுவதாகாதா என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதில் உண்மை இருக்கிறது. 2021-இல் வந்த பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணமும், 2023 செப்டம்பரில் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையும், எந்தக் குடும்பத்தின் சிக்கனமும் தர முடியாததைத் தந்திருக்கின்றன. குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் லாரிக்குக் கொடுக்கும் பணம் மிஞ்சும். அதைத் தாம்பரம் மாநகராட்சியிடம் கேட்பதும் இல்லறக் கடமைதான். ஆனால் அரசிடம் நீதி கேட்கும் வீடு, தன்னிடம் வேலை செய்பவருக்கு அந்த நீதியைத் தர மறுத்தால் கோரிக்கைக்கு வலுவிருக்காது. மாதக் கணக்கு எழுத உட்காரும்போது, எந்த வரியை அடித்தாலும் அதன் எதிரே ஒரு பெயரை எழுதிப் பார்க்கலாம். அந்தப் பெயர் அடிப்பவரின் பெயராக இருந்தால் அது சிக்கனம். அவரைவிட எளியவரின் பெயராக இருந்தால், அந்த வரி அப்படியே இருக்கட்டும். அடிக்க வேறு வரி தேடவேண்டும்.