பாம்பு பிடித்த மதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலைக்குப் போகிறவரானாலும், பொன்னேரிப் பக்கம் நடவு நடுகிறவரானாலும் கிரகண நாளில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணிக்குப் பிடிக்குது, எப்ப விடுது?" நிழல் எதையும் பிடிப்பதில்லை, பிடித்தால்தானே விட முடியும்? பிடிப்பதும் விடுவதும் வாயுள்ள உயிரின் செயல்கள். கிரகணம் என்ற வடசொல்லின் வேரும் பற்றுதலையே குறிக்கிறது. பற்றுகிற அந்த உயிர் எது என்பதிலிருந்து தொடங்குவோம்.

உலகெங்கும் இக்கேள்விக்கு விலங்குகளே விடையாயின. வட ஐரோப்பியருக்கு அது ஓநாய், சீனருக்கு வான்நாய், வியட்நாமியருக்குத் தவளை. முழுக் கிரகணத்தில் சிவக்கும் நிலவைக் கண்ட இன்கா மக்கள், சிறுத்தையை ஒத்த ஜாகுவார் அதைத் தாக்குவதாக எண்ணினர். தமிழர் பாம்பைச் சொன்னார்கள். இந்தத் தெரிவு தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. ஓநாயும் நாயும் இரையைக் கிழித்துத் தின்னும். கிழிபட்டது மீண்டும் முழுதாவதில்லை. பாம்போ கிழிப்பதில்லை. வரப்போரம் சாரை தவளையை விழுங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது மெல்ல மெல்ல, விளிம்பிலிருந்து தொடங்கி, முழுதாக உள்ளே இழுக்கும். இடையில் மிரண்டால் இரையை அப்படியே கக்கிவிட்டு ஓடவும் செய்யும். விளிம்பு குறைந்து, ஒரு மணி நேரத்துக்குமேல் சிறுகச் சிறுக மறைந்து, பின் வடுவின்றி வெளிவரும் மதிக்கு இதைவிடப் பொருந்தும் உயிர் எது? கதை கட்டியவர்கள் வானத்தை மட்டுமல்ல, வயலையும் உற்றுப் பார்த்தவர்கள்.

இந்தப் பாம்பு நம் இலக்கியத்தில் மிகப் பழையது. குறுந்தொகையில் அது உவமையாக வருகிறது. திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில், 1146ஆம் குறளில், வள்ளுவர் அதைக் கையாளும் விதம் நுட்பமானது. காதலரைக் கண்டது ஒருநாள்தான். ஊர்ப்பேச்சோ திங்களைப் பாம்பு கொண்ட செய்திபோல் எங்கும் பரவிவிட்டது என்கிறாள் தலைவி. பாம்பின் நஞ்சோ நிலவின் துன்பமோ அங்கே பேசப்படவில்லை. எல்லார் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிவது என்ற பண்பே உவமையாகிறது.

அடுத்த அடுக்கில் பாம்பு இரண்டாகிறது. அமுதம் பருகிய அசுரனின் தலையைத் திருமால் துண்டிக்க, தலை இராகுவாகவும் உடல் கேதுவாகவும் ஆயின என்பது புராணம். தன்னைக் காட்டிக்கொடுத்த ஞாயிற்றையும் திங்களையும் அவன் விழுங்குகிறான். கழுத்துக்குக் கீழே ஏதுமில்லை, ஆகவே விழுங்கியது வெளிவந்துவிடுகிறது. 'ஏன் விடுகிறது' என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

இனித்தான் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். நிலவின் பாதை, ஞாயிறு செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்தது. அதனால் அமாவாசைதோறும் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளின் அருகே ஞாயிறு, புவி, நிலவு மூன்றும் நேர்கோட்டில் அமைந்தால் மட்டுமே வரும். நிலவு வடக்கு நோக்கிக் கடக்கும் புள்ளிக்கு இராகு என்றும், தெற்கு நோக்கிக் கடக்கும் புள்ளிக்குக் கேது என்றும் நம் கணிதர்கள் பெயரிட்டார்கள். அப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்றை முடிக்கின்றன. பன்னிரண்டு இராசிகளுக்கு அதைப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. வீட்டில் பேசிக்கொள்ளும் இராகு-கேதுப் பெயர்ச்சி இதுவே. கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டீயம் கிரகணத்துக்குக் காரணம் நிழலே என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயினும் பாம்பை யாரும் விரட்டவில்லை. அதற்கு உடல் போய், இடம் மட்டும் எஞ்சியது.

அந்த இடத்தை வைத்து எவ்வளவு துல்லியமாகக் கணித்தார்கள்? முன்பு சென்னை வானாய்வகப் பொறுப்பிலிருந்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில் ஒரு சான்றைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டு மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிற்காலத்தில் கணித வரலாற்றறிஞர் நாய்கபவர் ஒப்பிட்டபோது தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை தெரிந்தது. கவ்வும் நேரத்தைச் சொன்னவர் விடும் நேரத்தில் சற்றே தடுமாறினார். எழுதுகோலைத் தொடாமல் செய்த கணக்கு என்பதை மறக்கலாகாது.

பஞ்சாங்கத்தில் பாம்பு இன்றும் அச்சாகிறது. 2025 செப்டம்பர் 7 இரவில் 82 நிமிடம் முழுமையாக மறைந்த நிலவு 'இராகு கிரஸ்தம்', அதாவது இராகு விழுங்கியது. 2019 டிசம்பர் 26இன் வளையச் சூரிய கிரகணம் 'கேது கிரஸ்தம்'. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரத்துக்குள் போனால் காளத்தி. கிரகணத்தின்போது பெரும்பாலான கோயில்கள் நடை சாத்த, இராகு-கேதுத் தலமான அது திறந்திருக்கும். நம்பிக்கைக்கும் உள்தர்க்கம் உண்டு என்பதற்கு இது நல்ல காட்டு.

அந்தத் தர்க்கத்தை மதிக்கலாம்; அதன் பெயரால் போடும் தடைகளை அல்ல. கருவுற்ற பெண்ணை இருட்டறையில் பட்டினி போடுவதற்கும், ஆக்கிய சோற்றைக் கொட்டுவதற்கும் எந்த அடிப்படையும் இல்லை. கிரகணத்தன்று தாம்பாளத்தில் நிற்கும் உலக்கை சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலும் நிற்கும். பார்த்து நிறுத்தினால் போதும். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் முற்றிலும் உண்மை. 2031 மே 21 அன்று வளையச் சூரிய கிரகணம் தென் தமிழகத்தைக் கடக்கிறது; திருவள்ளூர் மாவட்டத்தில் அது பகுதிக் கிரகணமாகத் தெரியும். அதுவும் கேது கிரஸ்தமே.