லாபான் வீட்டுக் கூலி



போன மாத உபவாச ஜெபத்தில் ஏசாயா 58-ம் அதிகாரத்தைத் தியானித்துக்கொண்டிருந்தபோது நான் பாதியில் பேச முடியாமல் நின்றுவிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாஸ்டருக்கு பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்துச் சிலர் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். பிரஷர் ஒன்றுமில்லை. அன்றைக்குச் சபையில் சொல்லத் தைரியம் வராததை இந்த இதழில் எழுதுகிறேன்.

அந்த அதிகாரத்தில் ஜனங்கள் கர்த்தர் மேலேயே குறை சொல்கிறார்கள். நாங்கள் பட்டினி கிடந்து ஜெபிக்கிறோமே, நீர் ஏன் கண்டுகொள்ளவில்லை என்கிறார்கள். கர்த்தர் நேரடியாகப் பதில் சொல்கிறார். உபவாச நாளிலும் உங்கள் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே, கட்டிவைத்தவனை அவிழ்த்து விடுவதல்லவா எனக்குப் பிரியமான உபவாசம் என்கிறார். இதை வாசித்த நிமிஷத்தில் என் கண்முன் ஒரு கடிதம் வந்து நின்றது. என் கையெழுத்தில் உள்ள கடிதம்.

2008-ம் வருஷம். நம் சபைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு சகோதரர் மில்லுகளுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜென்டாக இருந்தார். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கமிஷன். நல்ல சாட்சியுள்ளவர் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்திருந்தோம். நம் சபை விதவைச் சகோதரி ஒருவரின் அக்கா மகள் மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். பதினாறு வயது. தகப்பன் இல்லை. அந்தப் பிள்ளையை மூன்று வருஷம் மில்லில் விட்டால் முடிவில் மொத்தமாய் 35,000 ரூபாய் தருவார்கள், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று அந்தச் சகோதரர் சொன்னார். தாயாருக்குப் பயம். "பாஸ்டரய்யா நல்ல இடம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அனுப்பறேன்"னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. நான் மில்லைப் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளையின் வயசையும் விசாரிக்கவில்லை. நல்ல குடும்பம், நல்ல நடத்தையுள்ள பிள்ளை என்று ஒரு கடிதம் எழுதி, கீழே ஆசீர்வாத வாக்கியமும் போட்டுக் கொடுத்தேன்.

சுமங்கலித் திட்டம் என்று அப்போது சொல்வார்கள். திருமகள் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்றும் பெயர்கள் உண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்லுகள் தென் மாவட்டங்களிலிருந்து வாலிபப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தன. மூன்று வருஷம் முடிந்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை என்று பேச்சு. நாமும் அதைப் பரிசுப் பணம் போலவே நினைத்தோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 35,000 ரூபாயை மூன்று வருஷ நாட்களுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 32 ரூபாய். அது பரிசே அல்ல. அந்தப் பிள்ளைக்கு நாள்தோறும் கையில் வரவேண்டிய கூலியில் பிடித்து வைத்த பங்கு. நடுவில் விட்டுப் போனால் அதுவும் கிடையாது. அவளை அங்கே கட்டி வைத்திருந்த கயிறு அவளுடைய சொந்தச் சம்பளம்தான்!

யாக்கோபை நினைத்துப் பாருங்கள். அவனும் கல்யாணத்துக்காகத்தான் லாபான் வீட்டில் வேலை செய்தான். ஏழு வருஷம் என்று பேசினார்கள், பதினாலு ஆயிற்று. ஆட்டுக்காக இன்னும் ஆறு. லாபான் பத்து முறை கூலியை மாற்றிப் போட்டான் என்று யாக்கோபே வாய்விட்டுச் சொல்கிறான் (ஆதி. 31). லாபான் யார்? வழிப்பறிக் கள்ளனா? இல்லை, சொந்தத் தாய்மாமன். வந்தவனைக் கட்டித் தழுவி, முத்தம் செய்து வீட்டுக்கு அழைத்துப் போனவன்.

அந்தப் பிள்ளையை டாஃபிங்கில் விட்டார்களாம். ஒரு ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலில் தலை சாய்க்கும்போது, ஆள் குறைகிறது என்று மறுபடி எழுப்புவார்களாம். மாதத்துக்கு ஒருதரம் வார்டனோடு கடைக்குப் போகலாம். வீட்டுக்குப் போன் பேசினால் வார்டன் பக்கத்தில் நிற்பார். பஞ்சுத் தூசியில் இருமல் வந்து, மூச்சு இழுத்து, இரண்டு வருஷம் ஏழு மாதத்தில் படுத்துவிட்டாள். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த 35,000 இல்லை. மூன்று வருஷம் முடியவில்லையாம்.

தாயார் வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாங்க. நான் மில்லுக்குப் போனேன். கேட்டிலேயே ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு உள்ளே ஒருவர் ஃபைலைப் பிரித்தார். "சேரும்போதே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்குதுங்க. உங்க லெட்டரும் இருக்குதுங்களே"ன்னு சொல்லி என் கடிதத்தை எடுத்துக் காட்டினார். நான் எழுதின ஆசீர்வாதம் அவர்களுக்குச் சாட்சிப் பத்திரமாக இருந்தது. ஒன்றும் பேசாமல் பஸ் ஏறி சேவூர் கைகாட்டியில் வந்து இறங்கினேன்.

சட்டம் இல்லையா பாஸ்டர் என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1843-லேயே வெள்ளைக்காரன் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஆதரவு இல்லையென்று சட்டம் போட்டான். அதற்குப் பிறகும் நம் பாட்டன் காலம் முழுக்கப் பண்ணையாள், படியாள் என்று கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. மூன்று வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அந்த 2,000 ரூபாயை இன்றைக்கு ஒரு முதலாளி ஒரு வேளை விருந்துக்குச் செலவு பண்ணிவிடுவார். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் பெரிய தீர்ப்புக் கொடுத்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் அரசியல் சட்டம் 23-ம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புத்தான் என்றது. அடித்துத்தான் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதில்லை, பசியும் வறுமையும் ஒருவனைக் கட்டாயப்படுத்தும் என்று நீதிபதி பகவதி விளக்கினார்.

இவ்வளவு இருந்தும் ஏன் முடியவில்லை? எரேமியா 34-ஐ வாசியுங்கள். பாபிலோன் சேனை சுற்றி வளைத்தபோது சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் உடன்படிக்கை பண்ணி, எபிரெய அடிமைகளையெல்லாம் விடுதலையாக்கினார்கள். சேனை பின்வாங்கினது. உடனே அதே ஆட்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கிக்கொண்டார்கள்! நம் பக்கத்திலும் அதுதான் நடந்தது. 2011-லும் 2014-லும் நெதர்லாந்து அமைப்புகள் இந்த மில்லுகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. வெளிநாட்டு வியாபாரிகள் கேள்வி கேட்டார்கள். சுமங்கலி என்ற பெயர் மெல்ல மறைந்தது. ஆனால் பூட்டின கேட்டும் ஹாஸ்டலும் பல இடங்களில் அப்படியே இருந்தன. இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு நம் பாஷையும் தெரியாது. எல்லா மில்லும் அப்படியென்று நான் சொல்லவில்லை. நியாயமாய்ச் சம்பளம் கொடுக்கிற முதலாளிகள் உண்டு, பனியன் தொழிலில்தான் நம் சபையில் பாதிப் பேர் சாப்பிடுகிறோம்.

மீட்டு எடுத்தாலும் பாடுதான். கோட்டாட்சியரோ கலெக்டரோ விடுதலைச் சான்று கொடுத்தால்தான் உதவி. 2016-ல் மாற்றின மத்திய அரசுத் திட்டத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு லட்சம் வரை உண்டு. ஆனால் முழுத்தொகை வரவேண்டுமானால் குற்றவாளிக்குக் கோர்ட்டில் தண்டனை ஆக வேண்டும். அதுவரை ஏழை எதைச் சாப்பிடுவான்? மறுபடியும் ஏஜென்ட்டிடம்தான் போவான். அடிமையை அனுப்பும்போது வெறுங்கையாய் அனுப்பாதே, மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து கொடுத்து அனுப்பு என்பது உபாகமம் 15-ன் கட்டளை. அந்த ஞானம் நம் அதிகாரிகளுக்கு இன்னும் வரவில்லை.

அப்போஸ்தலர் 16-ல் பவுல் ஒரு அடிமைப் பெண்ணிடத்திலிருந்து ஆவியைத் துரத்தினான். நாம் அதைப் பிசாசு துரத்துகிற பிரசங்கத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எஜமான்கள் ஏன் பவுலை இழுத்துப் போய் அடிக்க வைத்தார்கள்? ஆதாயம் போச்சு, அதனால்தான். ஆதாயத்தில் கை வைக்காமல் எந்தக் கட்டும் அவிழாது. திண்டுக்கல் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலையுண்ட பிறகு, பெண்கள் நடத்துகிற ஒரு தொழிற்சங்கம் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. எச் அண்ட் எம் போன்ற பெரிய வியாபாரிகளும் கையெழுத்துப் போட்டார்கள். உள்ளே வேலை செய்கிற பெண்களே கண்காணிப்பார்கள், கம்பெனி மீறினால் ஆர்டருக்கே ஆபத்து. அங்கே ஆதாயத்தில் கை வைத்தார்கள்.

நம் ஆதாயம் என்ன? ஏஜென்ட் சகோதரரிடம் நான் கேட்டபோது, "ஐயா, கமிஷன்ல தசமபாகம் குடுத்தேனுங்களே, நீங்களும் ஜெபம் பண்ணி வாங்கினீங்க"ன்னார். என் வாய் அடைத்துப் போயிற்று. சபையின் பழைய மைக் செட் அந்தக் காணிக்கையில் வாங்கினது. அதில்தான் விடுதலை, விடுதலை என்று பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தத் தாயாருக்கு ஏன் 35,000 ரூபாய் தேவைப்பட்டது? வரதட்சணை 1961-லேயே சட்டப்படி குற்றம். நம் வீடுகளில் "நாங்க ஒண்ணும் கேக்கறதில்லீங்க, உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க"ன்னு சொல்றோம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எங்கோ ஒரு கிராமத்துப் பிள்ளை மில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருக்கிறார்கள் என்று ஐ.எல்.ஓ. 2022-ல் கணக்குச் சொன்னது. அதில் 2 கோடியே 20 லட்சம் பேர் கட்டாயக் கல்யாணத்தில் சிக்கினவர்கள். மற்றவர்கள் கட்டாய வேலையில்.

அந்தப் பிள்ளை இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். சம்பளம் அவள் பேங்க் கணக்கிலேயே விழுகிறது. போன மாதம் அவளைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். யாக்கோபின் கதையையும் சொன்னேன். "அவருக்காவது ஆடு கெடச்சுச்சு பாஸ்டர்"னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டா.

சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுத்தான். மூப்பர்களோடு பேசி, கட்டட நிதியிலிருந்து அவளுடைய 35,000 ரூபாயைக் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். வட்டி என் பொறுப்பு. இதில் மனத்தாங்கல் உள்ளவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசாமல் என்னிடம் நேரில் வந்து சொல்லுங்கள். இனிமேல் விசாரிக்காமல் யாருக்கும் வேலைக்கென்று சபைக் கடிதம் தரமாட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு முன், நம் பக்கத்தில் தங்கியிருக்கிற வடநாட்டுப் பிள்ளைகளைச் சகோதரிகள் இரண்டிரண்டு பேராய்ப் போய்ச் சந்திப்பார்கள். நோட்டீஸ் கொடுக்க வேண்டாம். உன் ஆதார் கார்டு உன் கையில் இருக்கிறதா, சம்பளம் உன் கணக்கில் வருகிறதா, நினைத்தால் ஊருக்குப் போக விடுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்று சொன்னால் பெண்களுக்கு 181, சிறு பிள்ளைகளுக்கு 1098, உடனே போன் போடுங்கள், எனக்கும் சொல்லுங்கள். ஹிந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த சகோதரிகள் நம்மிடம் போதவில்லை. யாராவது இருந்தால் வியாழக்கிழமைக்குள் பாஸ்டரம்மாவிடம் பெயர் கொடுங்கள்.