சாவு வீட்டில் பிளேட்டோ

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சாவு வீட்டுப் பிரசங்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உடம்பு வெறும் கூடு, ஆத்துமா பறந்துவிட்டது, இனி அழ என்ன இருக்கிறது? கொஸ்லந்தப் பக்கம் உபதேசியாராக இருந்த எனக்கு அது மனப்பாடம். கையில் இருப்பது வேதாகமம். பேச்சு மட்டும் கிரேக்க ஞானி பிளேட்டோவுடையது.

2014 ஒக்டோபர் 29 காலையில் அதே பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. நாட்கணக்கில் தோண்டியும் பலருடைய உடல் கிடைக்கவில்லை. ஆத்துமா எங்கே என்று அங்கே எவரும் கேட்கவில்லை. உடம்பைத்தான் கேட்டார்கள். முகம் பார்க்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், கோடி போர்த்த வேண்டும். எல்லாம் விதி என்று சொன்னவர்களும் உண்டு. இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்களே, அதையும் விதிக் கணக்கில்தான் எழுதுவதா?

உடம்பா ஆத்துமாவா, விதியா என்ற இந்த வழக்கு பழையது. அப்போஸ்தலர் பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசியபோது எதிரே நின்றவர்களில் ஸ்தோயிக்கர் இருந்தார்கள். உலகைத் தெய்வ அறிவு நடத்துகிறது என்பவர்கள். எப்பிக்கூரரும் இருந்தார்கள், தெய்வங்களுக்கு நம் கவலை கிடையாது என்பவர்கள். பவுல் விவரமானவர். அவர்கள் ஊரிலே கண்ட பலிபீடத்தில் தொடங்கி, அராத்து என்ற கவிஞர் சேயுஸ் தெய்வத்தைப் பற்றிப் பாடியதைக்கூட எடுத்துக்கொண்டார். அதுவரை கேட்டார்கள். மரித்தவர் எழுந்தார் என்றதும் சிலர் சிரித்துவிட்டார்கள். தியொனீசியு, தாமரி முதலிய சிலர்தான் நம்பினார்கள்.

அந்தச் சிரிப்பு லேசில் அடங்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சு என்ற தத்துவஞானி, அழுகிய உடம்புக்கு ஆசைப்படுவது புழுவின் நம்பிக்கை என்றார். கம்பளி நெய்கிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களுமா ஞானம் பேசுவது என்றும் ஏளனம் செய்தார். (கொழுந்து பறிக்கிறவர்களை அவர் பார்த்ததில்லை.)

ஆனால் யுஸ்தீன், பிளேட்டோவைக் கற்று, கிறிஸ்தவரான பின்னும் தத்துவஞானியின் அங்கியைக் கழற்றாதவர். உயிர்த்தெழுதல் இல்லை, செத்தவுடன் ஆத்துமா வானுலகம் போய்விடும் என்பவர்களைக் கிறிஸ்தவர்களாகவே எண்ணாதே என்று எழுதியவரும் அவரே. கிரேக்கரிடம் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பிரசங்கிமாருக்கு அது பிடிபடவில்லை.

மண்ணோடு மண்ணான உடம்பு எப்படி எழும் என்ற செல்சுவின் கேள்வி நியாயமானது. கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் கோதுமை விதையைக் காட்டிப் பதில் எழுதினார். எனக்கு அது முழுதாகப் போதவில்லை. ஆனாலும் மீரியபெத்தைத் தாயிடம் போய், உன் பிள்ளையின் உடம்பு வெறும் கூடு என்று நான் சொல்லமாட்டேன்.