மச்சமும் மாற்றும்

தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் போற்றப்பெறும் விருத்தாசலத்தை நீவிர் நன்கறிவீர். 28 சிவாகமங்களின் பெயரால் 28 சிவலிங்கங்கள் எழுந்தருளியிருக்கும் பழமலைநாதர் திருக்கோயிலையுடைய இவ்வூர், இக்காலத்தே பீங்கான் தொழிலாலும் பெயர்பெற்றுள்ளது. அதனை முன்னிட்டு, வணிகத்தில் நாடோறும் எழும் அறவினாக்களைச் சிறிது ஆராய்வாம்.

சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்தில் இறைவன்பால் 12,000 பொன் பெற்று, மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார். ஆற்றில் இடுமுன் அவர் மச்சம் வெட்டிக்கொண்டமையே ஈண்டு நோக்கத்தக்கது. மச்சமாவது, பின்னர் ஒத்துப்பார்த்தற்கு வைத்துக்கொள்ளும் மாதிரிப் பொன். குளத்தில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்க்க, மாற்றுக் குறைந்திருந்தது. நாயனார் பாடியபின் நிறைந்தது. கொடுத்தவன் இறைவனேயாயினும் உரைத்துப் பார்த்தல் குற்றமாகவில்லை. மனிதர் விற்கும் பொருளுக்கு உரை வேண்டாவென்பார் யாவர்?

பீங்கானுக்கும் மாற்று உண்டு. மின்கம்பியைத் தாங்கும் பீங்கானை, எரிபொருளை மிச்சம்பிடிக்கக் கருதி வெப்பங் குறைத்துச் சுடின், உள்ளே நுண்புழைகள் நிற்கும். அவற்றில் நீர் ஊறும். ஊறியது மின்சாரத்தைத் தடுக்கமாட்டாது. மேற்பூச்சோ பளபளக்கும். உடைத்துச் சாயநீரில் இட்டாலன்றி அவ்வூறல் புலனாகாது. நன்கு வெந்ததை மாதிரியாகக் காட்டி, வேகாததைக் கட்டி அனுப்புதல் தகுமோ? படிகக்கல்லின் நுண்டூசி தொழிலாளர் நுரையீரலிற் படிந்து ஆறாநோய் விளைக்கும். அதனைத் தடுக்கும் செலவை 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என ஒத்திவைத்தல் தகுமோ? மண்கலவையின் பிழையாற் சூளையில் வெடித்த கலத்திற்கு வனைந்தவன் கூலியைக் குறைத்தல் தகுமோ? எவரையுஞ் சுட்டி யாம் இவை கூறிற்றிலேம். எவ்வூர்த் தொழிற்கும் இவை பொது.

இவை அறவினாக்களென்றே தோன்றாமைக்குக் காரணம் யாது? புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவவிருள் தன்னையும் காட்டாதென உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் விளக்கினார். அது வணிகனிடத்துப் பாவமென்னும் பெயரோடு வாராது. 'எல்லாருஞ் செய்வதே', 'அவர் கேட்டிலர், யாம் சொல்லிற்றிலேம்', 'இம்முறை மட்டும்' என்னும் வழக்குமொழிகளை உடுத்து வரும். அம்மொழி நாவில் எழும்பொழுதே, மாற்றுக் குறைந்த இடம் அதுவென அறிக.

'தொழிலாளிக்கு வந்த நோய் அவன் பிராரத்தம்; எமக்கென்?' என்பாரும் உளர். சித்தாந்தத்தைப் பாதியிற் கற்றோர் கூற்று அது. அவன் நுகர்வது பிராரத்தமேயாயினும், நீர் செய்வது உமக்கு ஆகாமியமாய் ஏறுமன்றோ? பிறர் வினையைக் காட்டித் தம் வினையை மறைத்தற்கு நம் சாத்திரம் இடந்தந்ததில்லை.

குத்தகையும் கொள்முதலும் நடத்தும் திருமடங்கட்கும் இவ்வுரை புறம்பன்று. விலை பேசுங்கால் வாங்குவோனாகவும், கூலி அளக்குங்கால் பெறுவோனாகவும் தம்மை வைத்து உரைத்துப் பார்த்தலே நாம் கைக்கொள்ளத்தக்க மச்சம். திருநீறு அணியுங் கையும் தராசு பிடிக்குங் கையும் ஒன்றே. இரண்டிடத்தும் காண்பவன் ஒருவனே.

திருச்சிற்றம்பலம்.